மீனுக்குத்தான், அத்தை

மார்ச் 4

அத்தை அவர்களுக்கு,

உங்கள் மகள் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு தூது போக என்னால ஆகாது. பிள்ளை அழுறதைக் கேக்கவே ரெண்டு காது பத்தல. சொல்ல வேண்டியத எழுதி அனுப்புங்க, அம்மாவும் எழுதட்டும்" என்றாள். அதனால் எழுதுகிறேன். சுரங்கப்பாதை வேலை நடக்கும் இந்த இடத்தில் போன் எடுக்காது. மேட்டு உச்சிக்கு ஏறினால்தான் ஒரு குரலாவது கேட்கும். சாமான் வண்டி வந்து திரும்பும்போது கடிதங்களைக் கொண்டு போகும்.

கிளம்பும்போது குழந்தையின் பாலைப் பற்றிச் சொன்னதோடு சரி, உங்களிடம் வேறு ஒரு வார்த்தை பேசாமல் வந்தேன். தவறுதான். ஆனால் உங்கள் தங்கையை வைத்துக்கொண்டு அந்த பாட்டிலைத் தூக்கிக் காட்டி, "இது என்ன மாப்பிள்ளை?" என்று கேட்டீர்கள். "மீனுக்குத்தான், அத்தை" என்றேன். அதற்கு நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டீர்களே, அந்தப் பார்வை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அதைப் பற்றி இனி பேச விரும்பவில்லை.

பேச வேண்டியது தொட்டியைப் பற்றி. அதில் இருப்பது கடல் தண்ணீர். மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் நைட்ரேட் என்று ஒன்று சேரும். கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் கிடையாது. மீன் ஓரளவு தாங்கும், பவளம் தாங்காது. அதனால் வாரம் ஒரு வாளி தண்ணீரை எடுத்துவிட்டு, சுத்தமான தண்ணீரில் அந்தக் கடல் உப்பைக் கரைத்து ஊற்ற வேண்டும். பிறகு சோதனைப் பெட்டியில் உள்ள மருந்துகளைக் கண்ணாடிக் குழாயில் விட்டுப் பாருங்கள். இரண்டாவது பாட்டிலை விடுவதற்கு முன் கை வலிக்கும் அளவுக்குக் குலுக்க வேண்டும். மஞ்சளாக இருந்தால் நல்லது. சிவக்கச் சிவக்க ஆபத்து.

நடுவில் விரல் விரலாக ஆடிக்கொண்டிருக்கும் பவளம்தான் எனக்கு முக்கியம். என் கட்டைவிரல் அளவுத் துண்டாக வாங்கி வளர்த்தது. அந்த வீட்டில் என்னுடையது என்று சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது. நான் வருவதற்குள் அது போய்விட்டால், அங்கே எனக்கு என்ன மதிப்பு என்று தெரிந்துகொள்வேன்.

பவுடர் பால் ஆரம்பிக்கும்போது குழந்தைக்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்துக் கலக்குங்கள். வாசலிலேயே சொன்னேன். மறக்க வேண்டாம்.

மருமகன்


மார்ச் 12

மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதுவது. உங்கள் கடிதம் வந்தது. என் மகள் படித்துக் காட்டுகிறேன் என்றாள். வேண்டாம் என்று நானே படித்தேன். ஐந்தாவதோடு நின்றவள்தான், ஆனால் அந்த ஐந்தாவதில் போர்டில் எழுத டீச்சர் என்னைத்தான் கூப்பிடுவார். என் எழுத்தைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரியும்.

மதிப்பு கிதிப்பு என்று பெரிய வார்த்தை எல்லாம் எதற்கு? மீன் தொட்டிக்குக் கீழே கதவைத் திறந்தால் சாராய பாட்டில் இருக்கிறது. பாதி காலி. கேட்டால் மீனுக்கு என்கிறீர்கள். என் இடத்தில் யார் இருந்தாலும் பார்க்கத்தான் செய்வார்கள். இருமலுக்கு என்று சொல்லியிருந்தால்கூட நம்பியிருப்பேன். மீதியை அன்றைக்கே சிங்கில் கொட்டிவிட்டேன். பாட்டிலை மட்டும் கழுவி வைத்திருக்கிறேன், மூடி நன்றாக இருக்கிறது.

தொட்டி வேலையில் குறை வைக்கவில்லை. சுத்தமான தண்ணீர்தான் ஊற்றுகிறேன். அந்த ஆரஞ்சுக்காரர்கள் இரண்டு பேரும் என் கையைக் கண்டாலே முட்ட வருகிறார்கள். அதில் பெண் மீனுக்குத்தான் வாய் ஜாஸ்தி போலிருக்கிறது. மஞ்சள் மீன் தனியாகச் சுற்றுகிறது, யாரோடும் சேருவதில்லை, உங்களை மாதிரி. நடுவில் ஆடுகிறதே, அதற்குக் கையாட்டி என்று பெயர் வைத்திருக்கிறேன். பேத்தியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றால் அவள் கண் கொட்டாமல் பார்க்கிறாள்.

இரண்டாவது பாட்டிலைக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினேன். பூனைக்குட்டி நிறம் வந்தது. மஞ்சளா ஆரஞ்சா என்று சொல்ல முடியவில்லை. மகள் மஞ்சள் என்றாள், நான் ஆரஞ்சு என்றேன். அதற்கும் ஒரு சண்டை.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவே இல்லை. மீனுக்குத் தண்ணீர் சுத்தம் பண்ண மெஷின், பிள்ளைக்கு அடுப்பா?

அத்தை


மார்ச் 21

அத்தை அவர்களுக்கு,

பேச விரும்பவில்லை என்று சொன்னதைப் பேச வைத்துவிட்டீர்கள். சொல்கிறேன். தொட்டியில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கின்றன, நல்ல கிருமிகள். தினமும் அந்த வோட்காவில் சில சொட்டு விட்டால் அதைத் தின்று பெருகும். பெருகும்போது நைட்ரேட்டையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். ஓரமாக நுரை தள்ளிக்கொண்டிருக்கும் கருவி அந்தக் கிருமிகளை நுரையோடு வெளியே எடுத்துவிடும். பவளம் வளர்ப்பவர்கள் பலர் இப்படிச் செய்வதுண்டு. பாட்டில் பாதி காலியாக எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. குடிக்கிறவன் பாட்டில் அப்படியா இருக்கும்?

சிங்குக்குள் இருக்கும் கிருமிகள் இந்நேரம் கல்யாண வீடு மாதிரி கொண்டாடிக்கொண்டிருக்கும்.

நிறம் ஏறியதற்கு நீங்கள் அதைக் கொட்டியதுதான் காரணமாக இருக்க வேண்டும். வேறெதுவும் தோன்றவில்லை. இனி ஒரு வாளிக்குப் பதில் இரண்டு வாளி மாற்றுங்கள். தண்ணீரை மாற்றினால் இறங்கியே ஆக வேண்டும். சாயம் கலந்த தண்ணீரில் நல்ல தண்ணீர் ஊற்றினால் வெளுக்குமே, அதே கணக்கு. நுரைக் கருவியின் கிண்ணத்தைக் கழுவுங்கள். வடிகட்டும் துணிப்பையை அடிக்கடி அலசுங்கள்.

கையாட்டி என்ற பெயர் நன்றாகத்தான் இருக்கிறது.

மருமகன்


ஏப்ரல் 1

மாப்பிள்ளைக்கு,

இரண்டு வாளி மாற்றினேன். கிண்ணம் கழுவினேன், அதில் இருந்த கறுப்புத் தண்ணீரின் நாற்றம் மூன்று நாள் மூக்கிலேயே இருந்தது. துணிப்பையை அலசி வெயிலில் போட்டேன். பிறகு சோதித்தால் முன்னைவிடச் சிவப்பு! பழுத்த பப்பாளி நிறம். பூனைக்குட்டி எல்லாம் போய்விட்டது.

சரி, நான்தான் தப்பாகப் பண்ணியிருப்பேன் என்று மறுபடி இரண்டு வாளி மாற்றினேன். இன்னும் சிவந்தது. மாற்ற மாற்ற ஏறுகிறது. வெளுக்கும் என்று நீங்கள் எழுதினீர்கள். எந்த ஊர்க் கணக்கு இது? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மருந்து கெட்டுப்போயிருக்குமோ என்று மீன்கடைக்காரரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் தன் கடைத் தொட்டித் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். பளிச்சென்று மஞ்சள். "மருந்து நல்லாத்தாம்மா இருக்கு, உங்க வீட்லதான் என்னமோ இருக்கு" என்றார். என் வீட்டில் என்ன இருக்கும்? எனக்கு முகமே செத்துப்போனது.

கையாட்டி விரலை எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டது. கண்ணாடியில் பழுப்புப் பாசி படிகிறது, தேய்த்தால் மறுநாளே வருகிறது. மெஷினில் கடைசிக் குழாய்க்குள் நீல மணிகள் இருக்குமே, அதுவும் பாதிக்கு மேல் பழுப்பாகிவிட்டது. எல்லாமே பழுப்பு.

ஒரு சந்தேகம் கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். என்னை மட்டம் தட்டுவதற்கென்றே நடக்காத ஒன்றை நடக்கும் என்று எழுதுகிறீர்களா?

என் மகள் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். பேத்திக்கு பவுடர் பால் நான்தான் கலக்குகிறேன். நன்றாகக் குடிக்கிறாள், கன்னம் உப்பிவிட்டது.

அத்தை


ஏப்ரல் 10

அத்தை அவர்களுக்கு,

உங்களை மட்டம் தட்டிவிட்டு அந்த வீட்டுக்குள் நான் எப்படி வருவது? எனக்கும் புரியவில்லை, அதுதான் உண்மை. சாப்பாட்டு நேரத்தில் தொட்டியை ஒரு பழைய காகிதத்தில் வரைந்துவைத்து யோசிக்கிறேன். தண்ணீர் உள்ளே போகிறது, வெளியே வருகிறது. எங்கே கூடுகிறது? பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கிரேன்காரர் அதைப் பார்த்துவிட்டு, "இதுல என்னப்பா யோசனை, உன் மாமியார் மீனுக்குச் சோறு போடுறாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அப்படி ஏதாவது நடக்கிறதா? உண்மையைச் சொல்லுங்கள். பேத்தி வேடிக்கை பார்க்க வேண்டும் என்று தீனி கூடுதலாகப் போட்டிருக்கலாம். பாவம் என்று ஒரு கை அள்ளிப் போட்டிருக்கலாம். பெரியவர்கள் செய்யக்கூடியதுதான்.

நீல மணிகள் விஷயம் இன்னும் குழப்புகிறது. தொட்டிக்கு எடுக்கும் தண்ணீருக்கு அது பல மாதம் வர வேண்டும். இதற்குள் ஏன் பழுப்பானது? மெஷினே பழுதா? பழுது என்றால் அது தண்ணீரைச் சுத்தம் செய்யவில்லை என்று ஆகிறது. ஆனால் மணிகள் நிறம் மாறினால் அது அழுக்கைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது என்றும் ஆகிறது. ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை.

வோட்காவுக்குப் பதில் வெள்ளை வினிகர் விடலாம். முதலில் மூடியில் பாதி, அதற்கு மேல் வேண்டாம். கூடிப்போனால் தண்ணீர் பால் மாதிரி ஆகிவிடும். வாளியை மூன்றாக்குங்கள்.

மருமகன்


ஏப்ரல் 19

மாப்பிள்ளைக்கு,

சோறா? உங்கள் கிரேன்காரரிடம் சொல்லுங்கள், நான் நாலு பிள்ளையை வளர்த்தவள், யாருக்கு என்ன போடணும் என்று தெரியும். நீங்கள் சொன்ன அளவுக்கு மேல் ஒரு துகள் போட்டதில்லை. போன வாரம் குறைத்தும் போட்டேன். ஆரஞ்சுக்காரி கண்ணாடியில் முட்டி முட்டி என்னைத் திட்டினாள். பெரியவர்கள் செய்யக்கூடியதுதான் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதை வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். நேரில் வாருங்கள், பேசிக்கொள்ளலாம்.

வினிகர் விட்டேன். வீடு முழுக்க ஆஸ்பத்திரித் தரை வாசனை. மூன்று வாளி மாற்றினேன். சிவப்பு செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது. இனி அட்டையில் அதற்கு மேல் நிறமே இல்லை.

கையாட்டியில் ஒரு பக்கம் சதை உரிந்து வெள்ளை எலும்பு தெரிகிறது. அதைப் பார்த்துவிட்டு சமையலறைக்குப் போய் நின்றுகொண்டேன். உங்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக உங்கள் பொருளை நான் சாக விட்டேன் என்று ஆகிவிடக் கூடாது. என் மகளும் என் முகத்தைப் பார்க்காமல்தான் கேட்கிறாள், "அம்மா, இன்னிக்கு என்ன நிறம்?" என்று. பெற்ற மகளுக்கே என்மேல் சந்தேகம்.

நான் இதற்கு மேல் என்ன பண்ணுவது? ஒவ்வொரு வாளியையும் பெரிய அண்டாவில் ஊற்றி, தளதளவென்று கொதிக்க வைக்கிறேன். முதலில் ஒரு கொதி வந்ததும் இறக்கினேன். நிறம் ஏற ஏற, இன்னும் ஏதோ சாகவில்லை போலிருக்கிறது என்று கூடக் கூடக் கொதிக்க விட்டேன். இப்போது கால் பங்கு சுண்டும் வரை விடுகிறேன். ஆற வைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, அப்புறம்தான் உப்பைக் கரைக்கிறேன். அப்படிக் கொதித்த தண்ணீரில் எதுதான் உயிரோடு இருக்கும்? காஸ் தீர்ந்ததுதான் மிச்சம்.

நீங்களே சொல்லுங்கள்.

அத்தை


ஏப்ரல் 22

அத்தை,

அவசரம். மேட்டுக்கு ஏறி உங்கள் மகளைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை, வேலையில் இருப்பாள். வண்டிக்காரர் உங்கள் தெரு வழியாகப் போகிறார். அவர் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

எந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறீர்கள்? போர் தண்ணீரா? மெஷின் தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொல்லி நான் சொல்லவே இல்லையே. மெஷின் தண்ணீர் எங்கே போகிறது?

கொதித்தால் கிருமி சாகும். நைட்ரேட் உயிர் இல்லாதது, உப்பு மாதிரி. சாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாகும்.

இப்போதே, வண்டிக்காரர் நிற்கும்போதே, இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள். குழாயில் வரும் போர் தண்ணீர் ஒன்று, மெஷின் தண்ணீர் ஒன்று. போர் தண்ணீர் சிவந்தால், கொதிக்க வைத்த அந்தத் தண்ணீரில் குழந்தைக்கு இனி ஒரு சொட்டுப் பால்கூடக் கலக்க வேண்டாம். கையாட்டி கிடக்கட்டும். குழந்தையின் உதடு, நகம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று வெளிச்சத்தில் பாருங்கள். நீலம் பாய்ந்திருந்தால் உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இந்தத் தண்ணீர் சின்னக் குழந்தைகளின் ரத்தத்தைக் கெடுக்கும்.

பதிலை வண்டிக்காரர் கையிலேயே கொடுங்கள்.


ஏப்ரல் 22

மாப்பிள்ளைக்கு,

முதலில் மூச்சு விடுங்கள். பேத்தி நன்றாக இருக்கிறாள். உதடு ரோஜா நிறம், நகம் ரோஜா நிறம். வண்டிக்காரரும் பார்த்தார், அவர் விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள். சாயங்காலம் என் மகள் வந்ததும் டாக்டரிடமும் காட்டிவிடுகிறோம்.

போர் தண்ணீரில் மருந்து விட்டேன். குலுக்கி முடிப்பதற்குள் சிவந்துவிட்டது. கொதிக்க வைத்ததில் விட்டேன், அதைவிடச் சிவப்பு. மெஷின் தண்ணீரில் விட்டேன். மஞ்சள். எலுமிச்சை மஞ்சள்.

அந்த மூன்று கண்ணாடிக் குழாயையும் ஜன்னலில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். கொதித்தது கெட்டது, கொதிக்காதது நல்லது. இத்தனை வருஷம் அடுப்படியில் நின்றதற்கு அர்த்தமே இல்லாமல் போனது போல இருக்கிறது.

இப்போது கேளுங்கள். பேத்திக்கு முதல் பாலிலிருந்து மெஷின் தண்ணீர்தான், நாங்கள் குடிப்பதும் இப்போது அதுதான். அதையும் ஒரு கொதி வைத்து ஆற வைத்துத்தான் கலக்குகிறேன். நீங்கள் வாசலில் நின்று, மெஷின் தண்ணீரில் சத்து இல்லை, அது மீனுக்கு, பிள்ளைக்குக் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள் என்று சொன்னீர்கள். நான் தலையாட்டினேன். நீங்கள் தெருமுனை திரும்பியதும் மனசுக்குள் மாற்றிவிட்டேன். அந்த மெஷினை மாட்டும்போது, "இதுல வர்ற தண்ணியில ஒரு தூசி இருக்காது அத்தை" என்று பெருமையடித்தது யார்? தூசி இல்லாதது மீனுக்கு, இருக்கிறது என் பேத்திக்கா? அவளுக்கு மெஷின், மீனுக்கு அடுப்பு என்று நானே முடிவு பண்ணினேன். மீனுக்கு அது போதும் என்றுதான் நினைத்தேன். கொதித்த தண்ணீர் சுத்தமான தண்ணீர் இல்லை என்று எனக்கு யார் சொன்னது?

உங்கள் பேச்சைக் கேட்காதது தப்பா, சரியா? எனக்கே தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார்.

அத்தை


ஏப்ரல் 30

அத்தை அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டே படித்தேன். படித்து முடித்துப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். கிரேன்காரர் யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று தண்ணீர் கொண்டுவந்தார். தண்ணீரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அவர் பயந்துவிட்டார்.

கேட்டீர்களே, தப்பா சரியா என்று. நான் சொன்னபடி நீங்கள் செய்திருந்தால் இன்று தொட்டி மஞ்சளாக இருந்திருக்கும், கையாட்டி ஆடிக்கொண்டிருக்கும். குழந்தையை நினைக்க எனக்குத் தைரியம் இல்லை. மீனுக்காக ஒரு பெட்டி நிறைய மருந்து வாங்கிவைத்தவன், வீட்டுக் குழாய்த் தண்ணீரில் ஒருமுறை விட்டுப் பார்க்கவில்லை. மெஷின் இருக்கிறதே என்று இருந்துவிட்டேன். இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்கும் தெரியவில்லை.

நீல மணிகள் சீக்கிரம் பழுப்பானது ஏன் என்று இப்போது தெரிகிறது. நீங்கள் எல்லோரும் குடித்திருக்கிறீர்கள். மேட்டில் ஏறி மீன்கடைக்காரருக்குப் போன் போட்டு, புது மணிகள் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். குடிக்கிறதற்கு மணிகள் இருக்கும் குழாய்க்கு முன்னால் இருக்கும் திருகிலிருந்து எடுங்கள், அது போதும். மணிகளைத் தாண்டி வருவது தொட்டிக்கு. மேல்வீட்டிலும் எதிர்வீட்டிலும் கைக்குழந்தை இருந்தால் நீங்கள் சோதித்த அந்த மூன்று கண்ணாடிக் குழாயையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

தொட்டியில் இனி சிறிது சிறிதாக மாற்றுங்கள். ஒரேயடியாக மாற்றினால் மீனுக்கு அதிர்ச்சி. வினிகர் அளவு எனக்கு அவ்வளவாகப் பழக்கம் இல்லை. வோட்கா என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், இருக்கட்டும், அதை விடுங்கள். கையாட்டி பிழைத்தால் பிழைக்கட்டும். பிழைக்காவிட்டாலும் அதை வைத்து என் மதிப்பை நான் அளக்கப் போவதில்லை.

லீவு கேட்டால் கிடைக்கும். வரலாமா என்று கேட்க நாக்கு எழவில்லை.

மருமகன்


மே 17

மாப்பிள்ளைக்கு,

வோட்காவை விடுங்கள் என்று எழுதினால் விட்டுவிடுகிறவளா நான்? வாங்கப் போனேன்.

கழுவி வைத்திருந்த உங்கள் காலி பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு போனேன், அதே மாதிரி வேண்டும் அல்லவா. கடையில் வரிசை. எனக்கு முன்னால் நாலு ஆம்பிளைகள். திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். என் முறை வந்ததும் பாட்டிலை எடுத்து வைத்து, "இதே மாதிரி ஒண்ணு" என்றேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எனக்கு இல்லப்பா, மீனுக்கு" என்றேன்.

"மீனுக்கா? சரிம்மா. அப்ப தொட்டுக்க ஒண்ணும் வேணாமா?" என்றார். பின்னால் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஒருத்தர், "எங்க வீட்லயும் ரெண்டு மீன் இருக்குண்ணே" என்றார். நான் நைட்ரேட், நல்ல கிருமி, நுரை எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். சொல்லச் சொல்ல இன்னும் சிரித்தார்கள். பாட்டிலை வாங்கிக்கொண்டு, முகத்தை நிமிர்த்திக்கொண்டுதான் வந்தேன். ஆனால் வழியெல்லாம் எனக்கு உங்கள் முகம்தான். அன்றைக்கு என் தங்கையும் நானும் பார்த்த பார்வை எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அந்தக் கடையில்தான் தெரிந்தது.

நீங்கள் வைத்திருந்த மாதிரியே, தொட்டிக்குக் கீழே அதே தட்டில் வைத்தேன். என் மகள் போனில் உங்களிடம் கேட்டுச் சொன்ன அளவுதான் விடுகிறேன். மெஷின் தண்ணீர்தான் மாற்றுகிறேன். நேற்றுச் சோதித்தேன். பழைய பூனைக்குட்டி நிறம் வந்துவிட்டது. கையாட்டியில் ஒரு பக்கம் போனது போனதுதான். மறுபக்கம் இன்று காலையில் இரண்டு விரலை வெளியே நீட்டியது. பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவளும் கையை ஆட்டினாள்.

இப்போது வந்திருக்கிற கஷ்டம் வேறு. என் தங்கை நேற்று வந்தாள். வந்ததும் வராததுமாகக் கீழ்க் கதவைத் திறந்து பார்த்தாள், அவள் புத்தி அப்படி. "பாத்தியாக்கா, ஊர்ல இல்லாதப்பவும் உன் மாப்பிள்ளை பாட்டில் இங்க நிறைஞ்சு நிக்குது" என்றாள். "அது மாப்பிள்ளையோடது இல்ல. என்னுது" என்றேன். அவள் வாய் திறந்தது மூடவில்லை. "மீனுக்குத்தான்டி" என்றேன். என்னைப் பார்த்தாள், என் மகளைப் பார்த்தாள். டீ கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டாள். பொழுது சாய்வதற்குள் என் அண்ணன் போன் பண்ணி, "உடம்பைப் பாத்துக்கம்மா, எதுனாலும் மனசு விட்டுப் பேசு" என்கிறார். என் பெரிய மகன், "அம்மா, எத்தனை நாளா?" என்று கேட்கிறான்.

நம் குடும்பத்தில் இப்போது குடிக்கிறது நான்தான். எத்தனை விளக்கினாலும் யாரும் நம்பவில்லை. வரலாமா கிரலாமா என்று கேட்டுக்கொண்டிருக்காமல் கிளம்பி வாருங்கள். எல்லோரையும் கூட்டி வைக்கிறேன். அது மீனுக்குத்தான் என்று நீங்கள் சொல்லுங்கள். நான் பக்கத்தில் நிற்கிறேன்.

அத்தை